விளியும் வரிசையும்

(கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவையொட்டி அண்ணனூரில் நடைபெற்ற சொற்பொழிவு வரிசையில் ஆற்றிய உரை)

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, கழகத்தின் செயலாளர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் சான்றோர்களே, ஆசிரியப் பெருமக்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

இப்போது நான் கூறிய இந்த ஒரு வாக்கியத்திலேயே இன்றைய பேச்சின் பொருள் அடங்கியிருக்கிறது. தலைவருக்கு 'அவர்கள்' போட்டேன், மாணவருக்குப் போடவில்லை. மேடையில் இருப்போர் 'வீற்றிருக்கின்றனர்'. எதிரே பாயில் அமர்ந்திருப்போர் வெறுமனே இருக்கின்றனர். தாய்மார்கள் ஐந்தாம் இடத்தில் வந்தனர். இதை எனக்கு எவரும் கற்பிக்கவில்லை. மேடையேறும் தமிழர் எவருக்கும் இந்த வரிசை நாவில் தானே வந்து நிற்கிறது. தானே வருவது போலத் தோன்றும் ஒன்று எங்கிருந்து வந்தது என்று கேட்பதுதான் கல்வியின் வேலை.

சொற்பொழிவுக் குழுவினர் என்னை அணுகியபோது, 'அரசர் காலத்தில் மேலோரும் எளியோரும் ஒருவரையொருவர் எவ்வாறு அழைத்தனர்?' என்பதைப் பற்றிப் பேசுமாறு பணித்தனர். இரவுப் பாடசாலைப் பிள்ளைகள் எழுப்பிய கேள்வியாம் இது. கேள்வி எழுந்ததில் வியப்பில்லை. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்த 'பொன்னியின் செல்வன்' 2022இலும் 2023இலும் இரு பாகங்களாகத் திரைக்கும் வந்துவிட்டது. 'மன்னா', 'தேவி', 'இளவரசே' என்று அரண்மனைக்குள் யாரை யார் எப்படி அழைப்பது என்பதைப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்கின்றனர். அரண்மனைக்குப் போன நெல்லை அறுத்தவரை எப்படி அழைத்தனர், அவர் எப்படி அழைத்தார் என்று கேட்டால் திரையில் விடை கிடைக்காது. நான் பேச விரும்புவது அந்த மறுபாதியை.

பழைய இலக்கியத்திலிருந்து தொடங்குவோம். சங்கப் புலவர்கள் வேந்தரை 'நீ' என்றே விளித்தனர். ஔவையார் அதியமான் நெடுமான் அஞ்சியை ஒருமையில்தான் பாடினார். 'பெரும', 'அண்ணல்', 'எந்தை' என்னும் சொற்கள் சிறப்பைச் சேர்த்தன. வினைச்சொல்லோ ஒருமையிலேயே நின்றது. பாண்டியன் அவையில் நீதி கேட்ட கண்ணகியும் அரசனை ஒருமையில்தான் பேசினாள். அதற்காக அவளை எவரும் கடிந்ததாக இளங்கோவடிகள் எழுதவில்லை. புறநானூற்றின் 335ஆம் பாட்டில் மாங்குடி கிழார் சிறந்த குடிகளென நான்கை எண்ணும்போது துடியன், பாணன், கடம்பன் ஆகியோரோடு பறையனையும் சேர்த்தே எண்ணினார். நால்வருக்கும் ஒரே 'ன்' ஈறு. அந்த ஈற்றில் இழிவு ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.

இதைச் சொல்லிவிட்டு, அக்காலம் சமத்துவத்தின் பொற்காலம் என்று முழங்கிக் கைதட்டல் வாங்க எனக்கு விருப்பமில்லை. அதே புறநானூற்றில்தான் 'இழிசினன்' என்ற சொல்லும் 'இழிபிறப்பாளன்' என்ற சொல்லும் இருக்கின்றன. வரிசை அப்போதே உண்டு. ஆனால் அது இன்னும் வினைச்சொல்லின் ஈற்றுக்குள் நுழைந்து குடியேறவில்லை என்பதே நான் சொல்லவருவது.

தொல்காப்பியர் இதற்கு நல்ல சான்று. ஒருவரைப் பன்மையால் கூறுவது வழக்கில் உயர்வு கருதி வந்த சொல் என்றும், அது இலக்கண நெறிப்பட்டதன்று என்றும் சொல்லதிகாரத்தில் அவர் சொல்லிவிடுகிறார். மரியாதைப் பன்மை மொழியோடு பிறந்ததன்று, மக்கள் ஏற்றிவைத்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஒப்புதல் வேண்டுமா? அதே நூலில் இன்னொரு செய்தியும் உண்டு. ஒரு பொருளைக் கேட்கும்போது தாழ்ந்தவன் 'ஈ' என்று கேட்கவேண்டும். ஒத்தவன் 'தா' என்று கேட்கவேண்டும். உயர்ந்தவன் 'கொடு' என்று கேட்கவேண்டும். கேட்கும் பொருள் ஒன்றே. கேட்கும் வாய்க்கு ஏற்ப வினைச்சொல் மூன்று. கேட்பவன் தன் படியைத் தானே சொல்லிக்கொண்டுதான் கை நீட்டவேண்டும்.

ஏற்றிவைத்த மரியாதை ஓரிடத்தில் நிற்பதில்லை. நாணய மதிப்பைப் போல அது தேய்ந்துகொண்டே வரும். 'நீர்' என்பது முதலில் பலரைக் குறித்தது. ஒருவரை உயர்த்த அதைப் பயன்படுத்தியதும் அதன் பன்மைப் பொருள் தளர்ந்தது. பிறகு 'நீங்கள்' வந்தது. 'அவர்' என்பதும் பன்மைதான். அது ஒருவருக்குரியதானதும் பலரைக் குறிக்க 'அவர்கள்' தேவைப்பட்டது. இன்று 'ஆட்சியர் அவர்கள்' என்று அந்த 'அவர்களை'யும் ஒருவருக்கே கொடுத்துவிட்டோம். இனி ஒரு படி உயர்த்தவேண்டுமென்றால் 'மாண்புமிகு' என்று முன்னாலும் ஏதேனும் ஒட்டவேண்டியிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் நீ, நீர், நீங்கள் என்று மூன்று படிகளும் இன்றும் தனித்தனியே வழங்குகின்றன. மேலே படிகள் கூடக்கூட, கீழே நிற்பவர் நகராமலேயே மேலும் கீழே போய்விடுகிறார் என்பதைக் கவனிக்கவேண்டும். அவருக்கு அன்றும் 'நீ'; இன்றும் 'நீ'.

இனிச் சோழர் காலத்துக்கு வருவோம். பிள்ளைகள் கேட்டதும் அதைத்தானே. தஞ்சைப் பெரிய கோயில் 1010ஆம் ஆண்டில் நிறைவுற்றது. அதன் கல்வெட்டில் இராசராசன் தன்னை 'நாம்' என்கிறான். குந்தவையாரை 'நம் அக்கன்' என்கிறான். அரசனுக்குத் தன்மையிலும் பன்மை. அரசன் பெயர் 'உடையார் ஸ்ரீராஜராஜ தேவர்' என்று வரும். கோயில் இறைவனோ 'ஸ்ரீராஜராஜீஸ்வரம் உடையார்'. தெய்வத்துக்கும் வேந்தனுக்கும் 'உடையார்' என்ற ஒரே சொல். அடுத்த படியில் ஊரை உடைய நிலக்கிழார்கள் இருக்கின்றனர். அவர்கள் தம் ஊர்ப் பெயரோடு 'உடையான்', 'கிழவன்', 'வேளான்' என்று சேர்த்துக்கொண்டனர். அரசு அதிகாரிகளுக்கு 'மூவேந்த வேளான்', 'பிரமமாராயன்' போன்ற பட்டங்கள். திருச்சுற்று மாளிகையைக் கட்டுவித்த சேனாபதியின் பெயரே கிருஷ்ணன் இராமனான மும்முடிச்சோழ பிரமமாராயன். அத்துணைப் பெரிய மனிதருக்கும் கல்லில் 'ன்' ஈறுதான் வெட்டப்பட்டிருக்கிறது; அதனால் அவர் மானம் போகவில்லை. பேராசிரியர்கள் நொபொரு கராசிமா, எ. சுப்பராயலு, தோரு மாட்சுயி ஆகியோர் சோழர் கல்வெட்டுகளில் வரும் பெயர்களையெல்லாம் தொகுத்து 1978இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டனர். 'உடையான்' என்ற பட்டம் நில உடைமையின் அடையாளம் என்பது அவர்கள் ஆராய்ச்சியால் விளங்கிய உண்மை.

நம் பேச்சின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. 'உடையான்' என்றால் உடைமை உள்ளவன். நிலம் இருந்தவருக்கு அந்த நிலமே பெயராயிற்று. நிலம் இல்லாதவருக்கு? அதே பெரிய கோயில் கல்வெட்டில், ஊர்தோறும் வரி நீக்கிய நிலங்களைச் சொல்லும்போது பறைச்சேரி, கம்மாணச்சேரி, தீண்டாச்சேரி என்ற இடங்கள் குறிக்கப்படுகின்றன. சேரி இருக்கிறது, சேரியில் வாழ்ந்தவர் எவர் பெயரும் அந்த இடத்தில் இல்லை. அது நிலப்பட்டியல், அதில் ஆள் பெயரை எதிர்பார்ப்பது முறையன்று என்று அறிஞர் சிலர் சொல்லக்கூடும். சரிதான். ஆனால் நிலப்பட்டியலில் உடையான்கள் ஆளாக வருவதும் சேரிகள் இடமாக மட்டும் வருவதும் தற்செயல் என்று என்னால் கொள்ளமுடியவில்லை.

பிற்கால இலக்கணமான நன்னூலில் பவணந்தியார் ஒரு விதி வகுத்தார். மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, சினம், இழிவு ஆகிய காரணங்களால் திணையும் பாலும் மாறி வந்தாலும் அது இயல்பே என்பது அதன் கருத்து. பசுவை 'எங்கள் லட்சுமி வந்தாள்' என்று அழைக்கும் வீட்டுக்காரருக்கு அந்த விதி இடம் கொடுக்கிறது. அதே விதியின் மறுகோடியில், உழைத்துக் களைத்து வரப்பில் அமர்ந்திருக்கும் மனிதரைச் சுட்டி, 'அது எங்கே போச்சு?' என்று கேட்பவருக்கும் இடம் கிடைத்துவிடுகிறது. பவணந்தியார் நாட்டில் கண்டதை எழுதினார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. மாடு உயர்திணையாகவும் மனிதர் அஃறிணையாகவும் ஆகக்கூடிய ஒரு முற்றத்தை அவர் கண்டிருக்கிறார்.

இந்த முறை எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்குத் திருவிதாங்கூரைப் பார்க்கவேண்டும். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் பெரும்பகுதி அப்போது அந்த அரசைச் சேர்ந்தது. அங்கே பணியாற்றிய சாமுவேல் மட்டீர் என்ற பாதிரியார் 1871இல் வெளியிட்ட தம் நூலில், அடிமைச் சாதியார் பேசவேண்டிய மொழியை விவரித்திருக்கிறார். அவர்கள் 'நான்' என்று சொல்லக்கூடாது. 'அடியன்' என்றுதான் சொல்லவேண்டும். தம் சோற்றைச் சோறு என்று சொல்லக்கூடாது; 'கரிக்காடி' என்று சொல்லவேண்டும். பெற்ற பிள்ளைகளைக் குரங்குகள் என்றோ கன்றுகள் என்றோ சொல்லவேண்டும். பேசும்போது மூச்சுக் காற்று எதிரிலிருப்பவர் மேல் படாதவாறு வாயைக் கையால் பொத்திக்கொள்ளவேண்டும். அந்த நாட்டுக்குத் 'தருமபூமி' என்று பெயர் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அதே நாட்டில் அரசர் பக்கம் மொழி எப்படி இருந்தது? அரசர் இறந்தால் இறந்தார் என்பதில்லை, 'நாடு நீங்கினார்'. அவர் உறங்கினால் அது பள்ளியுறக்கம், குளித்தால் நீராட்டு. மேலே ஒரு மொழி; கீழே ஒரு மொழி. நடுவில் இருந்தவர்கள் இரண்டையும் கற்று, மேலே பார்த்து ஒன்றும் கீழே பார்த்து ஒன்றும் பேசினர். 1843இல் ஆங்கிலேயர் ஆண்ட பகுதிகளில் அடிமைமுறைக்கு எதிரான சட்டம் வந்தது. திருவிதாங்கூரில் 1855இல் பிரகடனம் வந்தது. மட்டீர் நூல் வந்தது அதற்குப் பதினாறு ஆண்டுகள் கழித்து. சட்டம் வந்த பின்னும் வாய் பொத்திய கை எளிதில் இறங்கவில்லை.

வைணவப் பெரியோர் 'அடியேன்' என்று சொல்லிக்கொள்ளவில்லையா, அது உயர்ந்த பண்பல்லவா என்று ஓர் அன்பர் என்னைக் கேட்டார். உயர்ந்த பண்புதான். அங்கே இருவரும் ஒருவருக்கொருவர் அடியேன் என்கின்றனர், விரும்பிச் சொல்கின்றனர், சொல்லாவிட்டால் அடி விழாது. ஒருவர் மட்டுமே சொல்லவேண்டும், சொல்லாவிட்டால் அன்றையக் கூலி இல்லை என்றால் அதற்குப் பெயர் பணிவன்று.

நம் செங்கற்பட்டுச் சீமைக்கு வருகிறேன். இந்த அண்ணனூர் இப்போது திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தது; முன்னாளில் செங்கற்பட்டு மாவட்டம். மிராசு முறை ஆழமாக வேரூன்றியிருந்த பகுதி இது. 1891இல் கலெக்டர் திரமென்கீர் இந்த மாவட்டத்துப் பறையர் நிலையைப் பற்றி அரசுக்கு எழுதிய அறிக்கைதான் 1892இல் பஞ்சமி நில ஆணைக்கு வழி திறந்தது என்பதை நம் இளைஞர் அறிவர். மிராசுதாரர் பெயர்களைச் சற்றுக் காதுகொடுத்துக் கேளுங்கள். முதலியார், ரெட்டியார், நாயக்கர்: எல்லாம் 'அர்' ஈறு, 'ஆர்' ஈறு. சாதிப் பெயரைச் சொன்னாலே அதற்குள் மரியாதைப் பன்மை உறைந்து கிடக்கிறது. எதிர்ப்புறம் நம் பெயர்கள் குப்பன், சுப்பன், முனியன், கன்னியப்பன். பெற்றோர் 'கந்தசாமி' என்று பெயரிட்டாலும் ஊர் அதைக் 'கந்தன்' ஆக்கிவிடும். 'சாமி' என்ற சொல் நாம் பிறரை அழைப்பதற்கு உரியதாம்; நம் பெயரில் இருக்கத் தக்கதன்றாம்.

என் பாட்டனார் பாலாற்றங்கரை ஊர் ஒன்றில் பண்ணையாளாக இருந்தவர். பண்ணைவீட்டு எட்டு வயதுப் பையனை அவர் 'சின்ன ஆண்டே' என்பார். அந்தப் பையன் அவரை 'டேய்' என்பான். அவர் பெயரிலும் 'சாமி' இருந்தது. ஊரை விட்டு வந்து சென்னையில் ஒரு தொழிற்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, பெயர்ப்பதிவேட்டில் அந்தச் 'சாமி' விடுபட்டு ஒரு 'ன்' ஏறிவிட்டது. அழைத்துவந்தவர் ஊரில் வழங்கிய பெயரைச் சொன்னார், எழுத்தர் எழுதிக்கொண்டார். ஓய்வு பெறும்வரை அந்தப் பெயரில்தான் சம்பளம். ஆனால் இன்னொன்றையும் அவர் சொல்வார். கூடத்தில் ஆளுக்கொரு பித்தளை வில்லை உண்டு. அதில் எண் பொறித்திருக்கும். வாயிலில் எண்ணைச் சொல்லித்தான் அழைப்பார்கள். முதலியார் வீட்டுப் பிள்ளைக்கும் எண்தான், இவருக்கும் எண்தான். மனிதரை எண்ணால் அழைப்பது கொடுமை என்று படித்தவர்கள் எழுதுகின்றனர். என் பாட்டனாருக்கு அந்த எண் இனித்தது. 'டேய்' போய் எண் வந்ததை அவர் பதவி உயர்வாகவே எண்ணினார்.

இதனால்தான், முதலில் நிலமும் கூலியும் வரட்டும், மரியாதைச் சொல் பின்னால் தானே வரும் என்று வாதிடுவோர் பக்கம் பாதி உண்மை இருக்கிறது என்கிறேன். பெரம்பூர் இரயில்வேப் பணிமனையும் பக்கிங்காம் கர்நாடிக் ஆலையும் பிறகு ஆவடி, அம்பத்தூர்த் தொழிற்சாலைகளும் நம் மக்களில் ஒரு பகுதியினருக்கு ஆண்டையின் களத்தைச் சாராத கூலியைக் கொடுத்தன. அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964இல் வந்தது. மாதச் சம்பளம் வாங்குபவர் 'ஆண்டே' என்று சொல்லவேண்டிய தேவை அறுந்தது. காலை மின்ரயிலில் அண்ணனூர் நிலையத்தில் ஏறுகிறவர்கள் முன்பின் அறியாதவரை 'அண்ணே, சற்றுத் தள்ளி உட்காருங்கள்' என்கின்றனர். ஊரின் பெயரிலேயே அண்ணன் இருப்பது நமக்கு ஒரு வசதி! உறவுப் பெயரால் அயலாரை அழைக்கும் இந்த வழக்கம் தமிழில் இருக்கும் மிகச் சிறந்த கருவிகளுள் ஒன்று. அதில் வயது மட்டுமே அளவை, பட்டா அளவையன்று. ஆனால் அதே அண்ணன் விடுமுறைக்குத் தம் கிராமத்துக்குப் போனால் பேருந்தை விட்டு இறங்கியதும் பழைய ஈறு காத்திருக்கிறது. மறுபாதி உண்மை அங்கே இருக்கிறது. சொல்லுக்காகத் தனியே போராடத்தான் வேண்டும்.

நம் முன்னோர் போராடினர். ஒரே வழியில் அன்று. அயோத்திதாசப் பண்டிதர் பிறர் வைத்த பெயரையே ஏற்கமறுத்தார். பூர்வ பௌத்தர் என்றும் சாதிபேதமற்ற தமிழர் என்றும் எழுதினார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். இரட்டைமலை சீனிவாசனோ 1893இல் தாம் தொடங்கிய இதழுக்குப் 'பறையன்' என்றே பெயரிட்டார். இழிவென்று பிறர் வீசிய சொல்லைக் கையில் பிடித்து நிமிர்ந்து நின்றால்தான் அச்சம் போகும் என்பது அவர் துணிவு. இருவருக்கும் அன்று கருத்து வேற்றுமை கடுமையாகவே இருந்தது; அதை மறைத்து மாலை போடவேண்டியதில்லை. எம்.சி. ராஜா சட்டமன்ற வழியைப் பிடித்தார். பறையர், பஞ்சமர் என்ற பெயர்களை அரசு ஏடுகளிலிருந்து நீக்கி 'ஆதிதிராவிடர்' என்று வழங்கவேண்டும் என்ற கோரிக்கையைச் சென்னை அரசு 1922இல் ஏற்றது.

அதே காலத்தில் நம் தலைவர்கள் சிலர் ஆங்கிலேயர் வழங்கிய பட்டங்களையும் பெற்றனர். சீனிவாசன் 1926இல் ராவ் சாகிப், 1930இல் ராவ் பகதூர், 1936இல் திவான் பகதூர். இன்றைய இளைஞர் சிலர் இதை எள்ளி நகையாடுவதைக் கேட்டிருக்கிறேன். அது அறியாமை. தெருவில் நடக்க உரிமையில்லாத மக்களில் ஒருவரைத் தாசில்தார் கச்சேரிக் கடிதங்கள் 'திவான் பகதூர் அவர்கள்' என்று எழுதவேண்டிய நிலை வந்தது என்றால் அதன் சுவையை அக்காலத்தவர்தாம் அறிவர். ஆயினும் அந்த ஏணி பிறர் செய்த ஏணி. ஒருவர் ஏற, மற்றவர் அடியில் நின்றனர். குடியரசு அதை எடுத்துப்போட்டது. அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அடுத்த 18ஆம் பிரிவு பட்டங்களை ஒழித்தது. இரண்டும் அடுத்தடுத்து நிற்பதை நான் மாணவர்களுக்கு எப்போதும் சுட்டிக்காட்டுவேன். மன்னர்களுக்கு எஞ்சியிருந்த அங்கீகாரமும் மானியமும் 1971இல் நீங்கின.

மகாராட்டிரத்தில் மகர் மக்கள் மேல்சாதியாருக்கு 'ஜோஹார்' என்று வணங்கவேண்டும் என்பது ஊர்க்கட்டளை. அண்ணல் அம்பேத்கரின் இயக்கம் அதை விடச் செய்தது. பின்னர் 'ஜெய்பீம்' வந்தது. ஜெய்பீமின் சிறப்பு அதன் பொருளில் மட்டும் இல்லை. ஒருவர் சொன்னால் மற்றவரும் அதையே திருப்பிச் சொல்கிறார். ஜோஹாருக்குத் திருப்பிச் சொல்லும் சொல் கிடையாது.

தமிழ்நாட்டில் கடிதத்தின் தலைப்பில் 'மகா-ள-ள-ஸ்ரீ' என்று எழுதிய காலம் உண்டு. மகாராஜராஜஸ்ரீ என்பதன் சுருக்கம் அது. கச்சேரிக் குமாஸ்தாவும் அரசர்க்கரசரானார்! 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெயருக்குப் பின் வரும் சாதிப் பட்டங்களை விடுமாறு தீர்மானித்தது. ஐரோப்பியப் பயணம் முடித்து 1932இல் திரும்பிய பெரியார், அடைமொழிகளை விட்டு யாவரையும் 'தோழர்' என்றே வழங்குமாறு கேட்டுக்கொண்டார். 1967இல் அமைந்த அண்ணாவின் அரசு ஸ்ரீ, ஸ்ரீமதி, குமாரி ஆகியவற்றுக்கு மாற்றாகத் திரு, திருமதி, செல்வி என்பவற்றைக் கொண்டுவந்தது. அரசு கொடுத்த இந்தத் 'திரு' எளிய சொல்தான்; ஆனால் ரேஷன் அட்டையில் நம் மூதாட்டிக்கும் ஊர்ப் பெரியதனக்காரர் மனைவிக்கும் ஒரே 'திருமதி' வந்தது. 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாகத் தமிழக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்ததும் இந்த வரிசையில் சேர்ந்ததே.

பிற நாட்டார் இதை எப்படித் தீர்த்தனர் என்பது சுவையான செய்தி. பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குவேக்கர் என்ற சமயக் குழுவினர் பிரபுக்களையும் நீதிபதிகளையும் 'நீ' என்றே அழைத்தனர். தொப்பியைக் கழற்றவும் மறுத்தனர். பலர் சிறை சென்றனர். சுவீடனில் 1967இல் மருத்துவத் துறைத் தலைவராக வந்த புரூர் ரெக்செத், ஊழியர் அனைவரையும் தாம் 'நீ' என்று அழைக்கப்போவதாகவும் அவர்களும் தம்மை அவ்வாறே அழைக்கவேண்டும் என்றும் அறிவித்தார். நாடே அவ்வழியில் சென்றது. அங்கெல்லாம் மேலே இருந்தவரைக் கீழே இறக்கிச் சமன் செய்தனர். நமக்கு அது பொருந்துமா என்று பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். பொருந்தாது என்பதே என் முடிவு. தலைமுறை தலைமுறையாக 'நீ' கேட்டுத் தழும்பேறிய காதுக்கு இன்னொரு 'நீ' சமத்துவமாகக் கேட்காது. நாம் எல்லாரையும் 'நீங்கள்' வரை ஏற்றித்தான் சமன் செய்யவேண்டும்.

சட்டம் எவ்வளவு தூரம் துணை வரும்? 1989இல் இயற்றப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 2015இல் செய்த திருத்தத்துக்குப் பின், பிறர் பார்வையில் படும் இடத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதைத் தனிக் குற்றமாகவே சொல்கிறது. ஆனால் சாதிப் பெயரைச் சொல்லாமல், அறுபது வயதுக்காரரை இருபது வயதுக்காரர் 'வாடா, போடா' என்று மட்டும் அழைத்தால் எந்தப் பிரிவில் வழக்குப் பதிவது? வினைமுற்றின் ஈற்றுக்குக் காவல் நிலையம் கிடையாது. நீதிமன்றத்திலேயே நெடுங்காலம் 'மை லார்ட்' ஒலித்துவந்தது. அதைத் தமிழில் பெயர்த்தால் 'என் ஆண்டையே' என்று வரும். என் பாட்டனார் களத்தில் விட்டுவந்த சொல்லை, கறுப்பு அங்கி அணிந்த பெரிய மனிதர்கள் உயர்நீதிமன்றத்தில் விடாமல் வைத்திருந்தனர். அது காலனி ஆட்சிக் காலத்து எச்சம் என்று கூறி, வேறு விளிச்சொற்களை இந்திய வழக்கறிஞர் மன்றம் 2006இல் வகுத்தது. சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த கே. சந்துருவும் தம்மை அவ்வாறு அழைக்கவேண்டாம் என்று வழக்கறிஞர்களைக் கேட்டுக்கொண்டார். ஆயினும் வழக்கம் முற்றும் விட்டபாடில்லை. குனிந்து பழகிய நாக்கு எவ்வளவு படித்தாலும் நிமிர மறுக்கிறது.

இதுவரை பிறரைப் பற்றிப் பேசினேன். இனி நம்மைப் பற்றிப் பேசுவது கசப்பாக இருக்கும். இருந்தாலும் இது நம் வீடு. நம்மில் படித்து அலுவலராக உயர்ந்த சிலர், தெருக் கூட்டவரும் தூய்மைப் பணியாளரை எப்படி அழைக்கின்றனர்? அந்த அம்மையார் நம் தாய் வயதினர். பெரும்பாலும் நம் உறவினரும்கூட. 'ஏம்மா, இங்கே வா' என்கிறோம். 'வாங்க' என்று ஓர் எழுத்தை நீட்ட ஏன் மனம் வரவில்லை? ஏறி வந்த ஏணியில் நமக்குக் கீழே ஒருவர் நின்றால்தான் நாம் உயரத்தில் இருப்பதாகத் தோன்றுகிறதோ?

வீட்டுக்குள்ளும் அப்படித்தான். மனைவி கணவரை 'நீங்கள்' என்கிறார். பெயர் சொல்லவும் கூசுகிறார். கணவர் மனைவியை 'நீ' என்கிறார். சினம் வந்தால் ஈற்றில் 'டீ' சேர்க்கிறார். இருவரும் அன்பினால் ஒருமை பேசினால் எனக்கு மறுப்பில்லை. அது திருப்பிச் சொல்லத்தக்க சொல். ஒருவர் பன்மையும் மற்றவர் ஒருமையும் பேசும் இடத்தில் நான் களத்துமேட்டைத்தான் காண்கிறேன். ஆண்டை அங்கே நிற்கிறார். அவர் வேட்டி மட்டும் நம் வேட்டி. தாய்மார்கள் பகுதியிலிருந்து கைதட்டல் வருகிறது. ஆடவர் பக்கம் அமைதியாக இருக்கிறது. நல்லது.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். நம் இரவுப் பாடசாலையில் வருகைப் பதிவேட்டைப் படிக்கும்போது பிள்ளையின் முழுப் பெயரையும் படியுங்கள். சான்றிதழில் உள்ளபடி, சுருக்காமல், 'டேய்' சேர்க்காமல் படியுங்கள். சேர்க்கை நாளில் பெற்றோர் சொல்லும் பெயரை எழுதுமுன், பிள்ளைக்கு அவர்கள் இட்ட பெயர் அதுதானா, ஊர் குறைத்த பெயரா என்று ஒருமுறை கேட்டு எழுதுங்கள். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. ஒரு முறை தவறாக ஏறிய ஈற்றைப் பின்னர் மாற்றவேண்டுமென்றால் அரசிதழில் அறிவிப்பு, அதற்குக் கட்டணம், பிறகு அலுவலகம் அலுவலகமாக அலைச்சல்.

இறுதியாக, வெளிவரவிருக்கும் நம் வெள்ளி விழா மலரைப் பற்றி ஒன்று. நன்கொடையாளர் பட்டியலின் அச்சுப்படியை நண்பர்கள் எனக்குக் காட்டினர். பெருந்தொகை அளித்தவர் பெயர் முதலில் 'உயர்திரு' என்று தடித்த எழுத்தில் இருக்கிறது. அடுத்து வருபவர்க்குத் 'திரு'. நூறும் ஐம்பதும் தந்த நம் தெருப் பெரியவர்கள் கடைசிப் பக்கத்தில், முன்னால் ஒன்றுமில்லாமல், வெறும் 'ன்' ஈற்றோடு நிற்கின்றனர். அவர்களில் சிலர் கழகம் தொடங்கிய ஆண்டில் கீற்றுக்கொட்டகைக்குக் கழி சுமந்தவர்கள். அகர வரிசையில், எல்லாருக்கும் ஒரே அளவு எழுத்தில், திரு, திருமதி, செல்வி என்று இட்டுத் தொகையைப் பக்கத்தில் போட்டால் போதும் என்று செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன். அச்சகத்தார் வரும் வெள்ளிக்கிழமை வரை திருத்தம் ஏற்பதாகச் சொல்லியிருக்கின்றனர்.